சென்னையிலிருந்து சர்வதேச கார்ட்டோகிராஃபி முதுகலை: மார்க், போர்ட்ஃபோலியோ, நாலு ஊர் (விவாத இழை)

6 அக்டோபர் 2025, கேள்வி

கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் கடைசி வருஷம், சிஜிபிஏ 8.5. மியூனிக், வியன்னா, ட்ரெஸ்டன், ட்வென்டே நாலு யுனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்தும் கார்ட்டோகிராஃபி (மேப் உருவாக்கும் துறை) எம்.எஸ்சி.க்கு, ஐரோப்பிய யூனியன் தரும் ஈராஸ்மஸ் முண்டுஸ் ஸ்காலர்ஷிப்பில் அப்ளை பண்ணலாம் என்று இருக்கிறேன். க்யூஜிஐஎஸ், ஆர்க்ஜிஐஎஸ் என்ற மேப் சாஃப்ட்வேர்கள் நன்றாகத் தெரியும், பைதானும் வரும். அது போதும்தானே அண்ணா? லேயருக்குக் கலர் கொடுத்து லெஜண்ட் வைக்க இரண்டு வருஷப் படிப்பா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

6 அக்டோபர், இரவு

போதாது தம்பி. சாஃப்ட்வேர் தெரிந்தவர்கள்தான் எல்லோரும் அப்ளை பண்ணுவார்கள். "ஏன் இந்தக் கோடு இங்கே, ஏன் இந்தப் பெயர் இந்த அளவில்" என்ற கேள்விக்கு உங்கள் மேப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அமைப்பு. 2011-ல் தொடங்கிய படிப்பு. நாலு செமஸ்டர், 120 கிரெடிட். முதல் செமஸ்டர் மியூனிக், இரண்டாவது வியன்னா, மூன்றாவது ட்ரெஸ்டன். நாலாவது முழுக்கத் தீசிஸ், 30 கிரெடிட், நாலு இடத்தில் ஒன்றில். ட்வென்டே என்றால் நெதர்லாந்தின் என்ஷெடேயில் இருக்கும் ஐடிசி, அந்த யுனிவர்சிட்டியின் ஜியோஇன்ஃபர்மேஷன் பிரிவு. 1950-ல் டெல்ஃப்டில் ஆரம்பித்து 1971-ல் என்ஷெடேக்கு மாறியது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, 24 மாதம். விமானச் செலவு, விசா எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேதான், தனியாகத் தரமாட்டார்கள். முன்னால் மூன்று ஈராஸ்மஸ் முண்டுஸ் படிப்புக்கு மேல் ஒரே வருஷத்தில் போட முடியாது என்ற கட்டுப்பாடு இருந்தது, இப்போது இல்லை. பழைய பதிவுகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

7 அக்டோபர்

மார்க் பற்றி, இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏமாறுவார்கள். ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது பாஸ். மாற்றும் கணக்கு இது: உச்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 8.5-க்கு, பாஸ் 5 என்றால் 1 + 3 × 1.5 ÷ 5 = 1.9. அதே 8.5-க்கு பாஸ் 4 என்றால் 1.75. உங்கள் மார்க்கில் ஒரு புள்ளி மாறவில்லை, பாஸ் எல்லை எது என்பதுதான் மாறியது. அதனால் கிரேடிங் முறையை விளக்கும் கடிதம் ஒன்றை யுனிவர்சிட்டி லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள், குறைந்தபட்ச பாஸ் கிரேடு அதில் எழுதியிருக்க வேண்டும். மார்க் ஷீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள். முன்பக்கம் மட்டும் அனுப்புவதுதான் வழக்கமான தப்பு.

ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு தீபாவளிக்கு முன்னாலேயே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மழை லீவு வந்தால் கவுண்ட்டர் திறந்திருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

11 அக்டோபர்

வீட்டில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. இதைச் சுருக்கமாகச் சொன்னால் புரியாது, ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

மயிலாப்பூர். பக்கிங்காம் கால்வாய், அதன் மேலேயே தூண் போட்டு ஓடும் பறக்கும் ரயில், பக்கத்தில் கரையோரத் தெரு. 1:5,000-ல் மூன்றையும் இருக்கும் இடத்திலேயே வரையலாம். 1:50,000-க்கு வாருங்கள். அங்கே 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அச்சில் இரண்டு கோடு தனித்தனியாகத் தெரிய நடுவில் 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். கால்வாய்க்கு 0.5, ரயிலுக்கு 0.4, தெருவுக்கு 0.5, இரண்டு இடைவெளிக்கு 0.4. மொத்தம் 1.8 மில்லிமீட்டர், தரையில் 90 மீட்டர். அங்கே அவ்வளவு அகலம் கிடையாது. போதாததற்கு ரயிலும் கால்வாயும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, ஒன்றன் மேல் ஒன்று.

இனி யாரை நகர்த்துவது? வழக்கமான வரிசை: நீர்நிலை அசையாது, அடுத்து ரயில், அப்புறம் சாலை, கடைசியில் கட்டடம். அதன்படி கால்வாய் நிற்கும், ரயில் ஒரு பக்கம் ஒதுங்கும், தெரு இன்னும் தள்ளிப் போகும், தெருவோரக் கோயிலும் கூடவே நகர வேண்டும், இல்லாவிட்டால் கோயில் தெருவின் நடுவில் உட்கார்ந்துவிடும். ஆனால் இது பயணிகளுக்கான மேப் என்றால்? திருமயிலை ஸ்டேஷனைத் தேடுகிறவருக்குக் கால்வாய் இரண்டாம்பட்சம். ரயிலைத் தடிமனாகப் போட்டுக் கால்வாயை அடியில் வெளிர்நீலப் பட்டையாக விடலாம். இரண்டுமே சரி, யாருக்கு என்பதைப் பொறுத்தது. க்யூஜிஐஎஸ் இந்த முடிவை உங்களுக்காக எடுக்காது. சிம்ப்ளிஃபை பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக நேராக்கும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதனால்தான் கால்வாய் தெருவைக் குறுக்கே வெட்டுகிற மேப்கள் வருகின்றன.

அளவு சுருங்கும்போது எதை வைப்பது, எதை நகர்த்துவது என்று முடிவெடுக்கும் இதைத்தான் ஜெனரலைசேஷன் என்கிறார்கள். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

12 அக்டோபர்

"அப்போ போர்ட்ஃபோலியோவில் எத்தனை மேப்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று போதும். பத்து மேப் அனுப்பினால் மோசமான ஏழு கண்ணில் படும்.

15 அக்டோபர்

அந்த மூன்றில் ஒன்று முழுத் தமிழ்ப் பெயர்களோடு இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. லத்தீன் எழுத்துக்கென்று பழகிய கார்ட்டோகிராஃபி விதிகள் பாதி தமிழில் செல்லாது, அங்கே நீங்களே யோசித்தாக வேண்டும்.

ஐரோப்பிய மேப்பில் மாவட்டப் பெயர் பெரிய எழுத்தில், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இருக்கும். ஆற்றுப் பெயர் சாய்வெழுத்தில். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமும் இல்லை, கட்டாயப்படுத்திச் சாய்த்தால் கொம்பும் காலும் கோணலாகும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் 'பே' பிய்ந்து இரட்டைக்கொம்பு தனியே நிற்கும். ஆக, மூன்று கருவியும் கையை விட்டுப் போனது. மிச்சம் இருப்பது அளவு, தடிமன், நிறம். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நீல நிறத்தில் மெல்லிய எழுத்து, மண்டலப் பெயருக்குச் சாம்பல் நிறத்தில் பெரிய அளவு, பேட்டைப் பெயருக்குக் கறுப்பு. இந்த அடுக்கை ஏன் இப்படி அமைத்தேன் என்று நாலு வரி எழுதி மேப்புக்குக் கீழே வையுங்கள். அந்த நாலு வரியைத்தான் படிப்பார்கள்.

தமிழ்ப் பெயர் நீளமாகவும் இருக்கும், உயரமாகவும் இருக்கும். இரண்டு வரியாக மடித்தால் மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் புள்ளியிலும் இகர வளைவிலும் இடிக்கும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள்.

தரவு: யாரும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்கென்று தனி டேக் உண்டு, ஆனால் எல்லா இடத்துக்கும் நிரப்பியிருக்க மாட்டார்கள். லேபிள் எக்ஸ்ப்ரெஷனில் கோலெஸ்க் ஃபங்ஷன் போட்டுத் தமிழ் இல்லாத இடத்தில் ஆங்கிலம் வரும்படி செய்யலாம். போர்ட்ஃபோலியோவுக்கு அப்படிச் செய்யாதீர்கள், உட்கார்ந்து தமிழில் நிரப்புங்கள், நிரப்பியதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே ஏற்றிவிடுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய மேப் ஃபைல் வகையில் சேமித்தால் ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டில் 254 எழுத்து வரை பிடிக்கும், கவலை இல்லை.

16 அக்டோபர்

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. திருத்துகிறேன்.

254 என்பது எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். உயிர்மெய்யில் மெய் ஒன்று, கொம்போ காலோ இன்னொன்று என்று தனித்தனியாக எண்ண வேண்டும். 'திருவல்லிக்கேணி' பார்வைக்கு எட்டு எழுத்து. கணினிக்கு 15 குறி, 45 பைட். 254 பைட்டில் 84 குறிதான் அடங்கும். இன்னொன்று, க்யூஜிஐஎஸ்ஸில் புது ஷேப்ஃபைல் உருவாக்கும்போது டெக்ஸ்ட் நீளம் 80 என்று தானாக நிற்கும். அப்படியே விட்டால் 26 குறியோடு வெட்டு விழும். சென்ட்ரல் ஸ்டேஷனின் முழுப் பெயரைத் தமிழில் எழுதினால் 180 பைட்டைத் தாண்டும், பாதியில் நின்றுவிடும். ஃபீல்டின் தலைப்புக்கு 10 பைட்தான், 'பெயர்' என்ற சொல்லே 15.

எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்று சொல்லும் சிபிஜி ஃபைல் ஷேப்ஃபைலோடு வரவில்லை என்றாலும் எழுத்து குப்பையாகும். ஒரே தீர்வு: ஜியோபேக்கேஜ் என்ற புதிய ஃபைல் வகையில் சேமியுங்கள். மேலே சொன்ன எந்தத் தொல்லையும் அதில் இல்லை.

18 அக்டோபர்

வேறொருவர் கேட்டது: "என் வெப் மேப்பில் கோயம்பேடு உடைந்து வருகிறது, எழுத்துரு மாற்றியும் சரியாகவில்லை."

எழுத்துருவில் குற்றம் இல்லை. மேப்லிப்ரே, மேப்பாக்ஸ் வகை வெக்டர் டைல் நூலகங்கள் ஒவ்வொரு குறியையும் தனிப் படமாக எடுத்து வரிசையாக அடுக்கும். தமிழில் வரிசை அப்படி இல்லை. 'பே' என்பதில் ப முதலில் சேமிக்கப்பட்டிருக்கும், கொம்பு பிறகு. காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் படி அங்கே இல்லை, அதனால் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கோ'வில் இன்னும் மோசம், ஒரே குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இருபக்கமும் நிற்க வேண்டும்.

வழி மூன்று. பெயர் ஐம்பதுக்குள் என்றால் எச்டிஎம்எல் மார்க்கராகப் போடுங்கள், ப்ரௌசர் சரியாகக் கோர்க்கும். டி3 நூலகத்தில் எஸ்விஜி டெக்ஸ்ட்டாகப் போட்டாலும் அப்படியே. பெயர் ஆயிரக்கணக்கில் என்றால் மேப்னிக் என்ற கருவியில் ராஸ்டர் டைல், அதாவது படத் துண்டுகள், செய்து லீஃப்லெட் என்ற வெப் மேப் நூலகத்தில் காட்டுங்கள். அச்சுக்கு க்யூஜிஐஎஸ் சரியாகவே வரும், ஆனால் எஸ்விஜி, பிடிஎஃப் ஏற்றுமதியில் எழுத்தைப் பாதையாக மாற்றும் தேர்வைப் போடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் திறப்பவர்கள் பாராகிராஃப் பேனலில் தெற்காசியக் கம்போஸரை மாற்றாமல் தமிழ் தட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை.

24 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. இப்போது தரவில் விழும் இரண்டு பள்ளங்கள், இரண்டும் சென்னைக்கே உரியவை.

ஒன்று, வார்டு மேப். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது மாநகராட்சியில் 155 வார்டு, 174 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் 46.46 லட்சம் பேர். அதே வருஷக் கடைசியில் எல்லை விரிந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. இணையத்தில் கிடைக்கும் வார்டு பாலிகான் (எல்லை வரைவு) பெரும்பாலும் 200. கணக்கெடுப்பு அட்டவணை 155. வார்டு எண்ணை வைத்து ஜாயின் பண்ணினால் எந்த எச்சரிக்கையும் வராமல் ஜாயின் ஆகும், ஏனென்றால் 1 முதல் 155 வரை இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இந்த 40-ம் அந்த 40-ம் ஒரே இடம் இல்லை. மேப் அழகாக இருக்கும், முழுக்கப் பொய்யாக இருக்கும். பாலிகான் எந்த வருஷத்தது என்று பார்க்காமல் தொடவே தொடாதீர்கள். வெறும் மக்கள்தொகைக்கு நிறம் கொடுக்காமல் அடர்த்திக்குக் கொடுங்கள். எண்ணிக்கைதான் காட்ட வேண்டும் என்றால் வட்டங்கள்.

இரண்டு, வெள்ள மேப். விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, 5 மீட்டருக்குக் கீழே எல்லாம் நீலம் என்று பூசுவது. அந்தத் தரவுக்கு விதித்த உயரப் பிழை வரம்பே 16 மீட்டர். நகரத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு அதைவிடக் கொஞ்ச உயரத்தில்தான் இருக்கிறது. பிழை பொருளைவிடப் பெரிது. போதாததற்கு அது தரையை அளக்கவில்லை, மாடியையும் மரத்தையும் சேர்த்து அளந்தது. பள்ளிக்கரணையில் நீர் பரவலைக் காட்ட ஆசைப்பட்டால் வெவ்வேறு மாதச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்ப்பரப்பின் ஓரத்தை வரையுங்கள். ஒவ்வொரு ஓரத்துக்கும் படம் எடுத்த தேதியைக் கூடவே எழுதுங்கள்.

25 அக்டோபர்

விட்டுப்போனது. இந்தியா முழுவதும் வரும் சிறுபடம் வைத்தால் வெளி எல்லை சர்வே ஆஃப் இந்தியா காட்டும் எல்லையாக இருக்க வேண்டும். நேச்சுரல் எர்த் என்ற இலவச மேப் தரவின் வழக்கமான ஃபைலில் அப்படி இருக்காது. இந்தியப் பார்வைக்கென்று அவர்களே தனி ஃபைல் தருகிறார்கள், அதை எடுங்கள்.

2 நவம்பர்

மோட்டிவேஷன் லெட்டரில் பரங்கிமலையிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1802 ஏப்ரல் 10-ல் நில அளவையாளர் லாம்ப்டன் அங்கே அடிக்கோடு (அளவைக்கு ஆதாரமான முதல் கோடு) அளக்க ஆரம்பித்தது, 1794-ல் எட்டுப் பேரோடு தொடங்கிய சர்வே பள்ளி பின்னால் உங்கள் கிண்டிக் கல்லூரியானது, எல்லாம் பெருமைதான். ஆனால் அது லாம்ப்டனின் வேலை. உங்கள் வேலை எது? முதல் பத்தியில் உங்கள் மேப் ஒன்றில் நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றை வையுங்கள். பரங்கிமலைதான் வேண்டும் என்றால், மலையிலிருந்து பெரும்பாக்கம் வரை போன அந்த 12 கிலோமீட்டர் கோட்டை இன்றைய மேப்பில் வரைந்து, அது எங்கெல்லாம் கட்டடத்துக்குள் நுழைகிறது என்று காட்டுங்கள். அப்போது அது உங்களுடையதாகும்.

3 நவம்பர்

நேற்றுச் சொன்னதில் கொஞ்சம் கடுமை இருந்தது. பரங்கிமலை வரலாறே கூடாது என்று சொல்லவில்லை. எல்லோரும் எழுதக்கூடியதை எழுதினால் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான்.

9 நவம்பர்

விசா, வீடு, நாட்காட்டி. இதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன்.

2022 நவம்பர் 1 முதல் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். சில பொது ஸ்காலர்ஷிப்காரர்களுக்கு விலக்கு உண்டு, ஏபிஎஸ் தளத்தில் பட்டியலைப் பாருங்கள். சொந்தக் காசில் போகிறவர்கள் பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 வீதம் எடுக்கலாம். ஸ்காலர்ஷிப் கடிதம் இருந்தால் அந்தக் கடிதமே பணச் சான்று.

மியூனிக்கில் குடிபுகுந்து 14 நாளுக்குள் முகவரிப் பதிவு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அந்தத் தாள் தரமாட்டேன் என்கிற வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள், பதிவு இல்லாமல் பாங்க் கணக்கும் ரெசிடென்ஸ் பெர்மிட்டும் நகராது. வியன்னாவில் 3 நாள்தான் அவகாசம். ஊர் மாறும்போது பழைய ஊரில் பதிவை நீக்கவும் மறக்க வேண்டாம்.

மியூனிக் வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை, கூடவே தேர்வு. வியன்னா செமஸ்டர் மார்ச் 1-ல். நடுவில் இரண்டு, மூன்று வாரம்தான், அதற்குள் அறை காலி செய்து, மூட்டை கட்டி, நாலு மணி நேர ரயிலில் போய்ப் பதிவு. வியன்னா ஜூன் கடைசியில் முடியும், ட்ரெஸ்டன் அக்டோபரில் தொடங்கும். அந்த மூன்று மாதம்தான் இன்டர்ன்ஷிப்புக்கு. ஜூனில் தேடினால் கிடைக்காது, ஜனவரியிலேயே எழுதத் தொடங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊர் என்பதால் குக்கர், புத்தகம், மானிட்டர் எதுவும் வாங்கிக் குவிக்காதீர்கள். இரண்டு பெட்டியில் அடங்காதது உங்களுடையது அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் இருக்கும் மாதங்களில் மொல்லார்ட் மாளிகையில் உள்ள குளோப் மியூசியத்தைத் தவறவிடாதீர்கள்.

16 நவம்பர்

"அங்கே படித்தவர்கள் என்ன சாதித்தார்கள்?" நியாயமான கேள்வி. தனி ஆட்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். எது சாதனையாக எண்ணப்படுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சர்வதேச கார்ட்டோகிராஃபி சங்கமான ஐசிஏ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு நடத்துகிறது: 2019 டோக்கியோ, 2021 ஃப்ளோரன்ஸ், 2023 கேப் டவுன், 2025 வான்கூவர். 2013-ல் ட்ரெஸ்டனிலேயே நடந்தது. வியன்னாவின் கியோர்க் கார்ட்னரும் ஐடிசியின் மெனோ-யான் க்ராக்கும் அந்தச் சங்கத்தின் தலைவர்களாக இருந்தவர்கள், கார்ட்னர் 2023 முதல் மறுபடியும். அதனால் தீசிஸ் வேலையை அங்கே சுருக்கமாகக் கொண்டுபோவது இங்கே எட்டாத கனவு இல்லை. மாநாட்டு மேப் கண்காட்சி இன்னொன்று. என்னைக் கேட்டால், தீசிஸ் முடிந்த பிறகு அதன் ப்ரோக்ராமும் தரவும் மற்றவர் திறந்து ஓட்டும்படி இருப்பதுதான் பெரிய சாதனை. பரிசுப் பத்திரம் வேலைக்கான நேர்காணலில் ஒரு நிமிஷம் பேசும், ஓடுகிற மேப் அரை மணி நேரம் பேசும்.

17 நவம்பர்

தீசிஸ் நேரக் கணக்கு. ஒரு கிரெடிட் ஆஸ்திரியாவில் 25 மணி நேரம், நெதர்லாந்தில் 28, ஜெர்மனியில் 30. 30 கிரெடிட்டுக்கு முறையே 750, 840, 900 மணி. வாரம் 40 மணி உழைத்தால் 19 வாரம், 21 வாரம், 22 வாரத்துக்குக் கொஞ்சம் மேல். பயனர் சோதனை வைக்கிறவர்கள் ஆளைத் திரட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் மாணவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், ஆள் கிடைக்காது. மே மாதத்துக்குள் முன்மாதிரி தயாராகி, நாலைந்து பேரிடம் ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

30 நவம்பர்

உங்கள் பள்ளிக்கரணை மேப் பார்த்தேன் தம்பி. நீர்ப்பரப்பு ஓரங்களுக்குத் தேதி போட்டிருப்பது மிக நன்று. நிற அடுக்கும் சரி. மூன்று திருத்தம்.

ப்ராஜெக்ஷன், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை, இன்னும் வெப் மெர்க்கேட்டரில் இருக்கிறது. சென்னை அட்சரேகையில் நீளம் 2.6 சதவீதம் கூடும், பரப்பு 5 சதவீதத்துக்கு மேல். சதுப்பு நிலத்தின் ஹெக்டேர் கணக்கை அந்த மேப்பிலிருந்தே நேராக எடுத்திருந்தால் எண் தப்பு. சென்னைப் பகுதிக்கான யூடிஎம் 44 வடக்கு ப்ராஜெக்ஷனுக்கு (இபிஎஸ்ஜி எண் 32644) மாற்றிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். இதே தவறை மியூனிக்கில் செய்தால் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தெரியும், அங்கே 25832 போட வேண்டும்.

'பெரும்பாக்கம்' லேபிள் நீர் எல்லைக் கோட்டின் மேல் விழுகிறது. எழுத்தைச் சுற்றி வெள்ளைப் பஃபர் (விளிம்பு) போட்டு மறைக்காதீர்கள், கோடு அறுந்த மாதிரி தெரிகிறது. பெயரைத் தெற்கே இறக்குங்கள், இடம் இருக்கிறது.

மூன்றாவது, கீழே 1:50,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏ3 தாளுக்குச் சரி. பிடிஎஃப்பைத் திறப்பவர் ஏ4-ல் அச்சடித்தால் அது 1:70,700 ஆகிவிடும், எழுதிய எண் மட்டும் அப்படியே நிற்கும். எண்ணை எடுத்துவிட்டு 0, 1, 2 கிலோமீட்டர் என்று அளவுகோல் பட்டை வையுங்கள். மேப்போடு சேர்ந்து அதுவும் சுருங்கும்.